ஸ்டாலின்கிராட்டை எழுதியவர்: போரில் வென்ற நாடு ஏன் ஒரு நாவலைக் கண்டு பயந்தது?

1961ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம். மாஸ்கோவில் ஓர் எழுத்தாளரின் வீட்டுக்கு சோவியத் உளவுத்துறையான கேஜிபியின் அதிகாரிகள் வந்தார்கள். அவரைக் கைது செய்யவில்லை. அவர் எழுதிய நாவலைத்தான் எடுத்துக்கொண்டு போனார்கள். கையெழுத்துப் பிரதி, தட்டச்சுப் பிரதி, குறிப்புகள் எல்லாம் போயின. அதோடு விட்டார்களா? கார்பன் தாள்களையும் தட்டச்சு இயந்திரத்தின் மை நாடாக்களையும்கூட விட்டுவைக்கவில்லை. நாடாவில் எழுத்து பதிந்திருக்கும் இல்லையா, அதை வைத்து யாரும் நாவலை மறுபடி உருவாக்கிவிடக் கூடாதாம்!

அந்த எழுத்தாளர் வசீலி குரோஸ்மன். நாவலின் பெயர் 'வாழ்வும் விதியும்'. அதன் மையத்தில் இருப்பது ஸ்டாலின்கிராட் போர்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. சோவியத் யூனியன் மிகவும் பெருமையாகப் பேசிக்கொண்ட வெற்றி ஸ்டாலின்கிராட். அந்தப் போரின்போது ராணுவ வீரர்கள் தேடித் தேடிப் படித்தது குரோஸ்மனின் செய்திக் கட்டுரைகளை. அப்படிப்பட்டவர் அதே போரைப் பற்றி எழுதிய நாவல் ஏன் ஆபத்தானது? பதிலுக்கு அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கணும்.

பென்சில் ஆலையிலிருந்து போர்முனைக்கு

குரோஸ்மன் 1905 டிசம்பரில் பெர்டிச்சிவ் நகரில் பிறந்தார். அப்போது அது ரஷ்யப் பேரரசு, இன்றைக்கு உக்ரேன். யூதர்கள் நிறைய வாழ்ந்த ஊர். ஆனால் அவருடையது சமயச் சடங்குகளில் பெரிய ஈடுபாடு இல்லாத, படித்த குடும்பம். பெற்றோர் பிரிந்துவிட்டார்கள். பிரெஞ்சு மொழி ஆசிரியரான தாயார்தான் அவரை வளர்த்தார். சின்ன வயதில் தாயும் மகனும் சுவிட்சர்லாந்தின் ஜெனீவாவில் இரண்டு ஆண்டு இருந்தார்கள்.

மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். படித்து முடித்ததும் டொன்பாஸ் நிலக்கரிச் சுரங்கப் பகுதியில் வேலை. காசநோய் என்று மருத்துவர்கள் சொன்னதால் மாஸ்கோவுக்குத் திரும்பி ஒரு பென்சில் ஆலையில் சேர்ந்தார். (காசநோய் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது.) 1934ல் வெளியான ஒரு சிறுகதை அவரைப் பிரபலமாக்கியது. மூத்த எழுத்தாளர் மாக்சிம் கார்க்கியும் ஊக்கம் தந்தார். ஆலை வேலையை விட்டுவிட்டு முழுநேர எழுத்தாளரானார்.

1930களின் பிற்பகுதி. ஸ்டாலின் ஆட்சியில் கைதும் மரண தண்டனையும் வீடு வீடாக நுழைந்த காலம். குரோஸ்மனின் இரண்டாவது மனைவி ஓல்காவின் முன்னாள் கணவர் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருக்கு மனைவியாக இருந்தார் என்ற காரணத்துக்காகவே 1938ல் ஓல்காவையும் பிடித்துக்கொண்டு போனார்கள். குரோஸ்மன் உடனே ஓல்காவின் இரண்டு பையன்களுக்கும் பாதுகாவலராகப் பதிந்துகொண்டார். இல்லையென்றால் அவர்கள் அரசாங்க ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போயிருப்பார்கள். பிறகு உளவுத்துறைத் தலைவர் யெசோவுக்கே கடிதம் எழுதி, ஓல்கா இப்போது தன் மனைவி, பழைய கணவருக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்று வாதாடினார். அந்த நாளில் அப்படி எழுதுவது தன் தலையைத் தானே நீட்டுவது மாதிரி. ஓல்கா விடுதலையானார். இப்படி நடப்பது ரொம்ப அபூர்வம்.

1941 ஜூன் 22. ஜெர்மனி சோவியத் யூனியனுக்குள் புகுந்தது. குரோஸ்மனின் தாயார் அப்போதும் பெர்டிச்சிவில்தான் இருந்தார். அவரை மாஸ்கோவுக்கு அழைத்துவரும் பேச்சு எழுந்தது. வீட்டில் இடம் போதாது என்று மனைவி சொன்னார், இவரும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இரண்டே வாரத்தில் ஜெர்மன் படை பெர்டிச்சிவைப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு தாயாரிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அந்த ஒரு முடிவுக்காக அவர் கடைசி வரைக்கும் தன்னை மன்னிக்கவில்லை.

குரோஸ்மனுக்கு அப்போது 35 வயது. உடல் பருமன், மோசமான கண்பார்வை, ஊன்றுகோல். ராணுவத்துக்கு ஏற்றவர் இல்லை என்று மருத்துவர்கள் ஒதுக்கினார்கள். ஆனாலும் விடாமல் கேட்டு, ராணுவ நாளிதழான 'கிராஸ்னயா ஸ்வெஸ்தா'வில் போர்முனைச் செய்தியாளராகச் சேர்ந்தார். தமிழில் சிவப்பு நட்சத்திரம். துப்பாக்கி பிடிக்கத் தெரியாத இந்த மனிதர் அடுத்த நான்கு ஆண்டில் ஆயிரம் நாளுக்கும் மேல் போர்முனையில் இருந்தார்.

ஒரு நகரம் எப்படிப் போர்க்களமாகிறது?

1942 கோடையில் ஹிட்லரின் குறி காக்கசஸ் எண்ணெய் வயல்கள். அந்தத் திட்டத்தில் வோல்கா ஆற்றங்கரையில் இருந்த ஸ்டாலின்கிராட்டும் சேர்ந்தது. வோல்கா வழியாகத்தான் எண்ணெயும் சரக்கும் வடக்கே போகும். டாங்கிகளும் பீரங்கிகளும் செய்யும் பெரிய ஆலைகள் அங்கே இருந்தன. போதாததற்கு ஊருக்கு ஸ்டாலினின் பெயர் வேறு. இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்க முடியாத இடமாக அது மாறியது.

நகரத்தின் அமைப்பைத் தெரிந்துகொண்டால்தான் அங்கு நடந்தது புரியும். ஆற்றின் மேற்குக் கரையை ஒட்டி 40 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். சிங்கப்பூரின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். ஆனால் அகலம் சில கிலோமீட்டர் மட்டுமே. முன்னால் ஜெர்மன் படை, முதுகுக்குப் பின்னால் ஒரு கிலோமீட்டருக்கு மேல் அகலமான ஆறு. பாலம் கிடையாது. உணவு, தோட்டா, மருந்து, புது வீரர்கள் எல்லாமே படகில்தான் வரணும். காயமடைந்தவர்களும் படகில்தான் போகணும். அதுவும் பெரும்பாலும் இரவில், குண்டு விழுந்துகொண்டே இருக்கும்போது.

ஆகஸ்ட் 23ஆம் தேதி ஜெர்மன் விமானங்கள் அலை அலையாக வந்து குண்டு போட்டன. மர வீடுகள் நிறைந்த பகுதிகள் மொத்தமாக எரிந்தன. எண்ணெய்க் கிடங்குகள் வெடித்து, எரியும் எண்ணெய் ஆற்றின் மேல் பரவியது. லட்சக்கணக்கான பொதுமக்கள் அப்போதும் ஊருக்குள் இருந்தார்கள். முன்கூட்டியே எல்லாரையும் வெளியேற்றவில்லை. அந்த ஒரு வாரத்தில் மாண்டவர்கள் 40,000 என்று நெடுங்காலமாகச் சொல்லப்படுகிறது. அது சரியான கணக்கா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பல ஆயிரம் பேர் என்பதில் மட்டும் சந்தேகம் இல்லை. அதே நாள் ஜெர்மன் டாங்கிகள் நகரின் வடக்கே வந்து சேர்ந்தபோது எதிர்த்து நின்றவர்களில் பலர், பள்ளிப் படிப்பை அப்போதுதான் முடித்த பெண்கள். விமானங்களைச் சுடும் பீரங்கிகளைக் கீழே இறக்கி டாங்கிகளை நோக்கிச் சுட்டார்கள். பீரங்கிகள் ஒன்று விடாமல் நொறுங்கும் வரை சண்டை நடந்தது.

குண்டுவீச்சு முடிந்த சில நாளில் குரோஸ்மன் அங்கு போய்ச் சேர்ந்தார். அவர் பார்த்தது எரிந்து முடிந்த ஓர் ஊர். உயிர் பிழைத்தவர்கள் நிலவறைகளுக்குள் இருந்தார்கள்.

நகரை இடித்துத் தள்ளியது ஜெர்மன் படைக்கே வினையாக முடிந்தது. இடிந்த கட்டடம் டாங்கிக்கு நகர வழி தராது. ஒளிந்து சுடுகிறவனுக்கு ஆயிரம் மறைவிடம் தரும். செப்டம்பரில் 62ஆம் ராணுவத்தின் தளபதியாக வந்த வசீலி சுய்கோவ் இதை நன்றாகப் புரிந்துகொண்டார். எதிரியை விட்டு விலகாதே, ஒட்டிக்கொண்டே நில் என்பது அவருடைய உத்தி. இரு தரப்புக்கும் இடையே கையெறிகுண்டு வீசும் தூரம்தான் இருக்கணும். அப்போது ஜெர்மன் விமானம் குண்டு போட்டால் அவர்களுடைய ஆட்கள் மேலேயும் விழும் இல்லையா?

அதற்கு வீரர்கள் கொடுத்த விலையைப் பாருங்கள். சண்டை தெருவுக்குத் தெரு என்ற கட்டத்தைத் தாண்டி, மாடிக்கு மாடி, அறைக்கு அறை என்று ஆனது. கீழ்த்தளத்தில் ஒரு படை, மேல்மாடியில் இன்னொன்று. சாக்கடைக் குழாய் வழியாக ஊர்ந்து போய்ப் பின்பக்கம் தாக்குவார்கள். சுவரில் ஓட்டை போட்டுக் கையெறிகுண்டை உள்ளே தள்ளுவார்கள். தோட்டா தீர்ந்தால் கூர்தீட்டிய மண்வெட்டி, கத்தி. ரயில் நிலையம் பல முறை கைமாறியது. ஜெர்மன் வீரர்கள் இதற்கு வைத்த பெயர் எலிப் போர்.

செப்டம்பர் 14ஆம் தேதி இரவு, ஜெனரல் ரொதிம்செவின் 13ஆம் காவல் டிவிஷன் ஆற்றைக் கடக்கத் தொடங்கியது. சுமார் 10,000 பேர். முதல் 24 மணி நேரத்திலேயே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஆட்கள் மாண்டார்கள் அல்லது காயமடைந்தார்கள். போர் முடியும்போது அந்த முதல் தொகுதியில் எஞ்சியது சில நூறு பேர்தான் என்பார்கள்.

குறிப்பேட்டில் இருந்தது, செய்தித்தாளில் வராதது

குரோஸ்மன் பேட்டி எடுத்த விதமே வேறு. ஆளுக்கு முன்னால் குறிப்பேட்டை நீட்டமாட்டார். சும்மா உட்கார்ந்து பேசுவார், கேட்பார். இரவில் பதுங்குகுழிக்குத் திரும்பிய பிறகு நினைவிலிருந்து எழுதிவைப்பார். பொதுவாக அதிகம் பேசாத சைபீரியத் தளபதி குர்தியேவ், இவரிடம் மட்டும் ஆறு மணி நேரம் பேசியதாக நாளிதழின் ஆசிரியர் ஓர்ட்டென்பர்க் பின்னாளில் நினைவுகூர்ந்தார். செய்தித் துறையில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், ராணுவ அதிகாரியிடம் ஆறு நிமிடம் உருப்படியாகப் பேச வைப்பதே பெரிய விஷயம்.

அந்தப் பேச்சிலிருந்து பிறந்த கட்டுரை, பாரிக்காடி ஆலைப் பகுதியில் குர்தியேவின் டிவிஷன் தாக்குப்பிடித்ததைச் சொன்னது. ஒரே நாளில் பல தாக்குதல், அடுத்த நாளும் அதேதான், அதற்கடுத்த நாளும் அதேதான். அங்கே நின்றவர்களை அவர் சினிமா வீரர்களாகக் காட்டவில்லை. தூக்கமில்லாத, பசித்த, பயந்த, ஆனாலும் நகராத சாதாரண மனிதர்களாகக் காட்டினார். அனதோலி செக்கோவ் என்ற இளம் குறிசுடுநரோடு நாட்களைக் கழித்து, அமைதியான ஒரு பையன் எப்படி எதிரிகள் நடுங்கும் ஆளாக மாறுகிறான் என்பதையும் எழுதினார். அந்தக் கட்டுரையைப் படித்தால் பெருமையும் வரும், வயிற்றைப் பிசைகிற மாதிரியும் இருக்கும்.

ஆனால் குறிப்பேட்டில் இருந்த எல்லாமே அச்சில் வரவில்லை. வந்திருக்கவும் முடியாது. 1942 ஜூலையில் ஸ்டாலின் போட்ட 227ஆம் உத்தரவு, அனுமதி இல்லாமல் பின்வாங்கக் கூடாது என்றது. பின்வாங்குகிறவர்களைத் தடுக்க அவர்களுக்குப் பின்னால் தனிப் பிரிவுகள் நிறுத்தப்பட்டன. தப்பி ஓடியவர்கள், தண்டனை பெற்றவர்கள் சொந்த நாட்டுத் துப்பாக்கியாலேயே சுடப்பட்டார்கள். குரோஸ்மன் குறித்துவைத்த ஒரு சம்பவம் இது. மரண தண்டனை விதிக்கப்பட்ட ஒரு வீரரைச் சுட்டார்கள், உடையைக் கழற்றிப் புதைத்தார்கள். அவர் சாகவில்லை. இரவில் குழியிலிருந்து எழுந்து, ரத்தம் படிந்த உள்ளாடையோடு, வேறு எங்கும் போகாமல் தன் பிரிவுக்கே திரும்பி நடந்து வந்தார். மறுபடியும் சுட்டார்கள்.

குறிப்பேட்டில் இது சில வரிதான். அபிப்பிராயம் எதுவும் இல்லை. உளவுத்துறை கையில் கிடைத்திருந்தால் அவர் கதி அதோகதி. ஆனாலும் எழுதிவைத்தார்.

பொதுமக்களையும் அவர் மறக்கவில்லை. இதைச் சொல்லியே ஆகணும், ஏனென்றால் ஸ்டாலின்கிராட் பற்றிய பல படங்களில் ஊரில் ராணுவ வீரர்களைத் தவிர யாருமே இல்லாத மாதிரிதான் இருக்கும். உண்மையில் பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும் மாதக்கணக்கில் நிலவறையிலும், ஆற்றோரப் பள்ளங்களில் தோண்டிய குழிகளிலும் கிடந்தார்கள். தண்ணீர் எடுக்க வெளியே வந்தால் இரண்டு பக்கத்திலிருந்தும் சூடு விழலாம். எரிந்த தானியத்தைக் கிளறி எடுத்துச் சாப்பிட்டார்கள்.

இன்னொரு இழப்பும் அவருக்கு அந்த ஆண்டில் வந்தது. ஓல்காவின் மூத்த மகன் மீஷா 1942ல் மாண்டான். அதுவும் போர்முனையில் இல்லை, வெகுதூரத்தில் சிஸ்தோபொல் என்ற ஊரில் நடந்த வெடிப்பில்.

நவம்பர் 19ஆம் தேதி சோவியத் படை எதிர்த்தாக்குதலைத் தொடங்கியது. நகருக்குள் மோதாமல், வெளியே இரண்டு பக்கமும் இருந்த பலவீனமான ருமேனியப் படைகளை உடைத்துக்கொண்டு வந்து நான்கே நாளில் வளையத்தை மூடிவிட்டது. உள்ளே கால் மில்லியனுக்கும் மேற்பட்ட வீரர்கள் மாட்டிக்கொண்டார்கள். விமானத்தில் உணவு போடுவோம் என்ற வாக்குறுதி நடக்கவில்லை. பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி வரை போன குளிரில் அவர்கள் குதிரைகளைத் தின்றார்கள், பிறகு அதுவும் இல்லை. 1943 ஜனவரி 31ஆம் தேதி தளபதி பவுலஸ் சரணடைந்தார். பிப்ரவரி 2ஆம் தேதி எல்லாம் முடிந்தது.

வெற்றியின் அந்த நாளில் குரோஸ்மன் ஸ்டாலின்கிராட்டில் இல்லை. மாதக்கணக்கில் இடிபாடுகளுக்குள் கிடந்தவரை ஜனவரித் தொடக்கத்தில் நாளிதழ் வேறு இடத்துக்கு அனுப்பிவிட்டது. அவர் இடத்துக்கு வந்தவர் கொன்ஸ்தந்தீன் சீமொனொவ். வெற்றிச் செய்தி அவர் பெயரில் வந்தது. குரோஸ்மனுக்கு இது ரொம்ப வருத்தம். நமக்கும் படிக்கும்போது கோபம்தான் வருகிறது.

எத்தனை பேர்?

சோவியத் தரப்பில் மட்டும் மாண்டவர்கள், காணாமற்போனவர்கள் சுமார் 480,000. காயமடைந்தோர், நோயுற்றோரையும் சேர்த்தால் பத்து லட்சத்தைத் தாண்டும். ஜெர்மனி, ருமேனியா, இத்தாலி, ஹங்கேரிப் படைகளின் இழப்பும் பல லட்சம். பிடிபட்ட ஜெர்மன் தரப்பினர் ஏறக்குறைய 91,000 பேர். அவர்களில் பல ஆண்டு கழித்து வீடு திரும்பியவர்கள் ஐந்து, ஆறாயிரம் பேர்தான். பசி, டைஃபஸ் காய்ச்சல், முகாம் வாழ்க்கை மற்றவர்களைக் கொண்டுபோய்விட்டன.

போர் முடிந்தபோது இடிபாடுகளுக்குள் உயிரோடு இருந்த பொதுமக்கள் ஏறக்குறைய 10,000 பேர். அவர்களில் கிட்டத்தட்ட ஆயிரம் பேர் பிள்ளைகள். தாய், தந்தை இருவரோடும் சேர முடிந்த பிள்ளைகள் ஒன்பது பேர் என்கிறார் வரலாற்றாசிரியர் அன்டனி பீவர். முதலில் பார்த்த லட்சங்களை மனசு அவ்வளவு எளிதில் வாங்கிக்கொள்ளாது. அந்த ஒன்பது என்ற எண் அப்படி இல்லை.

வீட்டுக்குத் திரும்பியபோது

சோவியத் படை மேற்கே முன்னேற, குரோஸ்மனும் கூடவே போனார். 1944 தொடக்கத்தில் சொந்த ஊர் பெர்டிச்சிவ் விடுதலையானது. அங்கேதான் தாயாருக்கு என்ன ஆனது என்று உறுதியாகத் தெரிந்தது. 1941 செப்டம்பர் 15ஆம் தேதி, ஊரின் யூதர்கள் ஆயிரக்கணக்கில் விமானத் திடலுக்கு அருகே கொண்டுபோகப்பட்டுக் குழிகளின் ஓரத்தில் சுடப்பட்டார்கள். தாயாரும் அவர்களில் ஒருவர். குரோஸ்மன் அங்கும் செய்தியாளராகவே நடந்துகொண்டார். பிழைத்தவர்களையும் பார்த்தவர்களையும் தேடிப் பேசி, நடந்ததைப் படிப்படியாகப் பதிவு செய்தார்.

அதே ஆண்டு போலந்தில் டிரெப்லிங்கா வதைமுகாம் இருந்த இடத்துக்குப் போனார். நாஜி கொலைமுகாம் ஒன்றைப் பற்றி வெளிவந்த முதல் விரிவான கட்டுரைகளில் ஒன்று அவருடையது. நியூரம்பர்க் விசாரணையிலும் அது பயன்பட்டது. அதில் அவர் கணக்கிட்ட எண்ணிக்கை தவறு. மூன்று மில்லியன் என்று எழுதினார். இன்றைய ஆய்வாளர்கள் 700,000 முதல் 900,000 வரை என்கிறார்கள். கொலை நடந்த விதத்தைப் பற்றி அவர் சேகரித்தது பெரும்பாலும் சரியாகவே இருந்தது.

போருக்குப் பிறகு, சோவியத் மண்ணில் யூதர்கள் கொல்லப்பட்டதை ஆவணப்படுத்தும் 'கறுப்புப் புத்தகம்' ஒன்றை இல்யா எரன்பர்க்கோடு சேர்ந்து தொகுத்தார். அரசாங்கம் அதை வெளியிட விடவில்லை. அச்சுக்கோர்த்த எழுத்துகளையும் 1948ல் கலைத்துப் போட்டார்கள். மாண்டவர்கள் எல்லாரும் சோவியத் குடிமக்கள், அவர்களில் யூதர் என்று தனியாகப் பிரிக்கத் தேவையில்லை என்பதுதான் அதிகாரப்பூர்வ நிலைப்பாடு.

ஸ்டாலின்கிராட் பற்றிய முதல் நாவலை 1949க்குள் எழுதிவிட்டார். பத்திரிகையும் கட்சியும் ராணுவமும் மாற்று, நீக்கு, சேர் என்று மூன்று ஆண்டு இழுத்தடித்தன. 'ஸ்டாலின்கிராட்' என்று அவர் வைக்க விரும்பிய தலைப்பே போய்விட்டது. 1952ல் 'நியாயமான காரணத்துக்காக' என்ற பெயரில் வந்தது. முதலில் பாராட்டு. 1953 பிப்ரவரியில் கட்சி நாளிதழ் பிராவ்தாவில் கடும் தாக்குதல். பிறகு மார்ச்சில் ஸ்டாலின் இறந்ததால் தப்பித்தார் என்றே சொல்லலாம்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு காரியத்தையும் மறைக்கக் கூடாது. யூத மருத்துவர்கள் சிலர் தலைவர்களைக் கொல்லச் சதி செய்ததாக அரசாங்கம் பொய் வழக்குப் போட்டது. அவர்களைக் கண்டிக்கும் ஒரு கடிதத்தில் பிரபல யூதர்களைக் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். குரோஸ்மனும் போட்டார். உளவுத்துறைத் தலைவருக்கே கடிதம் எழுதிய அதே மனிதர்தான். அந்த வெட்கம் அவரை விடவில்லை. 'வாழ்வும் விதியும்' நாவலின் முக்கியப் பாத்திரமான விஞ்ஞானி ஸ்ட்ரும், துணிச்சலாக எதிர்த்து நின்ற பிறகு, கடைசியில் அப்படியொரு கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறார்.

எட்டு நிமிடம்

சரி, அந்த நாவலில் அப்படி என்னதான் இருந்தது?

ஒரு காட்சியைச் சொன்னால் போதும். ஸ்டாலின்கிராட் எதிர்த்தாக்குதல் தொடங்கும் நேரம். டாங்கிப் படையின் தளபதி நோவிகோவ். எதிரியின் சில பீரங்கிகள் இன்னும் அழியவில்லை என்று அவருக்குத் தெரியும். இப்போதே டாங்கிகளை அனுப்பினால் பையன்கள் வீணாகச் சாவார்கள். மேலிடத்திலிருந்து நெருக்குகிறார்கள், ஸ்டாலினே காத்திருக்கிறார் என்கிறார்கள். நோவிகோவ் எட்டு நிமிடம் தாமதிக்கிறார். பீரங்கிகள் அடங்கிய பிறகுதான் அனுப்புகிறார். தாக்குதல் வெற்றி, இழப்பும் மிகக் குறைவு. கூட இருக்கும் கட்சி அதிகாரி அவரைக் கட்டிப்பிடித்து நன்றி சொல்கிறார். பிறகு அதே ஆள், உத்தரவை மீறித் தாமதித்தார் என்று மேலிடத்துக்கு எழுதி அனுப்புகிறார்.

வெற்றியை மட்டும் கேட்கும் ஓர் அரசாங்கத்துக்கு இந்தக் காட்சி பிடிக்குமா? வேறு வழி இருந்தும் செலவழிக்கப்பட்ட உயிர்கள் எத்தனை என்ற கேள்வியை அது கிளப்பிவிடுகிறது. நாவலில் இன்னும் இருக்கிறது. முற்றுகைக்குள் இருக்கும் ஒரு கட்டடத்தில், நாளைக்குச் சாகப்போகிறோம் என்று தெரிந்த வீரர்கள் முதல் தடவையாகப் பயமில்லாமல் மனதில் பட்டதைப் பேசுகிறார்கள். அவர்களை ஒழுங்குபடுத்த ஒரு கட்சி ஆள் அனுப்பப்படுகிறார். ஜெர்மன் முகாமில் நாஜி அதிகாரி ஒருவர், சிறைப்பட்ட பழைய கம்யூனிஸ்ட்டைப் பார்த்து நாம் இருவரும் ஒருவரையொருவர் கண்ணாடியில் பார்க்கிறோம் என்கிற பொருளில் பேசுகிறார். கேஜிபி ஏன் வந்தது என்பது இப்போது புரியும்.

ஆனால் கசப்பு மட்டும் இல்லை. போர் முடிந்த நகரில், பிடிபட்ட ஜெர்மன் வீரர்கள் ஒரு நிலவறையிலிருந்து சடலங்களை வெளியே எடுக்கிறார்கள். ஒரு சிறுமியின் உடலைப் பார்த்ததும் கூட்டத்திலிருந்த ஒரு மாது ஆவேசமாக ஜெர்மன் அதிகாரியை நோக்கிப் போகிறார். அடிக்கப்போகிறார் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். அவர் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு ரொட்டித் துண்டை எடுத்து அவன் கையில் கொடுக்கிறார். ஏன் கொடுத்தார் என்று அந்த மாதுக்கே பிற்பாடும் விளங்கவில்லை.

நாவலுக்குள் ஒரு தாய், சாவதற்கு முன் முள்வேலிக்குள்ளிருந்து மகனுக்கு எழுதும் நீண்ட கடிதமும் உண்டு. குரோஸ்மனுக்கு அப்படி ஒரு கடிதம் வந்ததே இல்லை. அவரே தாயாருக்காக அதை எழுதினார். நாவலையும் அவருக்கே காணிக்கையாக்கினார்.

கல்வெட்டில் இடம் கிடைத்தது, பெயருக்குக் கிடைக்கவில்லை

பறிமுதலுக்குப் பிறகு குரோஸ்மன் சும்மா இருக்கவில்லை. 1962ல் தலைவர் குருசேவுக்கே கடிதம் எழுதினார். பதிலாக, கட்சியின் கொள்கைப் பொறுப்பாளர் சுஸ்லோவ் அவரைக் கூப்பிட்டுப் பேசினார். நாவலை அவர் படித்திருக்கவில்லை, மற்றவர்கள் எழுதிக் கொடுத்த மதிப்பீடுகளைத்தான் படித்திருந்தார். இன்னும் 200 ஆண்டுக்கு மேல் ஆனாலும் இதை வெளியிட முடியாது என்று சொன்னதாகக் கூறப்படுகிறது. ஒருவகையில் பார்த்தால், ஒரு நாவலாசிரியருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்திருக்காது. ஆனால் அவருக்கு அப்படித் தோன்றியிருக்க வாய்ப்பில்லை.

தாயார் இறந்த நாளான செப்டம்பர் 15 நெருங்கும்போது, உயிரோடு இருப்பவருக்கு எழுதுவது மாதிரி தாயாருக்குக் கடிதம் எழுதும் வழக்கம் அவருக்கு இருந்தது. 1950ல் ஒன்று, நாவல் பறிபோன 1961ல் இன்னொன்று. 1964 செப்டம்பர் 14ஆம் தேதி புற்றுநோயால் இறந்தார். வயது 58.

மூன்று ஆண்டு கழித்து, 1967ல் ஸ்டாலின்கிராட்டின் மமாயெவ் குன்றில் பிரம்மாண்ட நினைவிடம் திறக்கப்பட்டது. ஊரின் பெயர் அதற்குள் வோல்கோகிராட் என்று மாறியிருந்தது. வாளேந்திய தாய்நாட்டுச் சிலையின் உயரம் 85 மீட்டர். போரின்போது பல முறை கைமாறிய குன்று அது. அதன் மண்ணில் 34,000க்கும் மேற்பட்ட வீரர்களின் எச்சங்கள் புதைந்திருக்கின்றன. நினைவிடத்தின் சுவரில் பெரிய எழுத்துகளில் செதுக்கப்பட்ட வாசகம், குர்தியேவின் டிவிஷனைப் பற்றி குரோஸ்மன் 1942ல் எழுதிய அந்தக் கட்டுரையிலிருந்து எடுத்தது. எழுதியவர் பெயரைப் போடவில்லை. அவருடைய நாவல் அப்போதும் கேஜிபியின் பூட்டுக்குள்தான் இருந்தது.

கேஜிபிக்குத் தெரியாமல் இரண்டு பிரதிகள் தப்பியிருந்தன. நிலைமையை ஊகித்து, முன்கூட்டியே குரோஸ்மன் அவற்றை நண்பர்களிடம் கொடுத்துவைத்திருந்தார். ஒன்று கவிஞர் செம்யோன் லீப்கினிடம். 1970களில் இயற்பியல் விஞ்ஞானி சகாரோவ், எழுத்தாளர் வொய்னோவிச் போன்றவர்களின் உதவியோடு ஒவ்வொரு பக்கமும் மைக்ரோஃபிலிமில் படம் பிடிக்கப்பட்டு வெளிநாட்டுக்குக் கடத்தப்பட்டது. 1980ல் சுவிட்சர்லாந்தின் லோசானில் ரஷ்ய மொழியில் அச்சானது. சொந்த நாட்டில் வெளிவந்தது 1988ல். சுஸ்லோவ் சொன்ன 200 ஆண்டு, 26 ஆண்டில் முடிந்துவிட்டது.

கேஜிபி எடுத்துப்போன மூலப் பிரதி என்ன ஆச்சு? அதைக் கொளுத்தவில்லை. ஆயிரக்கணக்கான பக்கங்களும் அரை நூற்றாண்டுக்கு மேல் பத்திரமாக உளவுத்துறைக் கிடங்கிலேயே இருந்தன. 2013ல்தான் அவை ரஷ்ய அரசாங்க இலக்கிய ஆவணக் காப்பகத்திடம் ஒப்படைக்கப்பட்டன.

படிக்க ஆசையா? 'வாழ்வும் விதியும்' ஆங்கிலத்தில் ராபர்ட் சாண்ட்லரின் மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. முதல் நாவலும் அவர் விரும்பிய 'ஸ்டாலின்கிராட்' என்ற தலைப்போடு 2019ல் ஆங்கிலத்தில் வந்துவிட்டது. இரண்டுமே தலையணை அளவு. அதனால் அன்டனி பீவரும் லூபா வினோகிராடோவாவும் தொகுத்த அவருடைய போர்க்காலக் குறிப்பேடுகளிலிருந்து தொடங்குங்கள். சின்னச் சின்னக் குறிப்புகள்தான், எம்ஆர்டியில் போகும்போதுகூடப் படிக்கலாம். குழியிலிருந்து எழுந்து வந்த அந்த வீரர் அதில்தான் இருக்கிறார்.